ஹேஸ்ப்ரா

பேருந்தின் அறிவிப்புக் கருவி
செவ்வாய்க்கிழமை செத்துப்போயிற்று.
பதிவு செய்த பெண்குரல்
'அடுத்த நிறுத்தம்' என்று தொடங்கி
அங்கேயே விக்கி நின்றுவிட்டது.
ஆள் வந்து சரிசெய்யும்வரை
ஓட்டுநரே ஊர்ப்பெயர்களைச் சொல்ல வேண்டும் என்று
டெப்போவில் தாள் ஒட்டினார்கள்.

ஓட்டுநர் நத்தேலா க்விரிட்டிஷ்விலி.
ஜார்ஜியாவில், குட்டைசி நகரத்தில்
டிராலிபஸ் ஓட்டியவள்.
இங்கிலாந்தின் கிழக்கு ஓரம், நார்ஃபோக்கில்
இது அவளுக்கு இரண்டாவது குளிர்காலம்.
அவள் மொழியில் நாலைந்து மெய்கள்
ஓர் உயிருக்காகப் பொறுமையாய்
வரிசையில் நிற்கும். யாரும் முண்டுவதில்லை.

கண்ணாடிக்கு மேல் ஆரஞ்சு விளக்கில்
ஓடிய பெயரை எழுத்துக்கூட்டி
உரக்கச் சொன்னாள்:
ஹாப்பிஸ்பர்க்!

பின்வரிசைப் பள்ளிப் பிள்ளைகள்
சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது.
ஒருத்தி மட்டும், ரொவீனா,
கைபேசியிலிருந்து நிமிராமலே
'ஹேஸ்ப்ரா' என்றாள்.

பதினொரு எழுத்து.
இரட்டைப் பகரம் எங்கே போயிற்று?
கடைசியில் காவல் நின்ற ககரம்?
கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள்,
திருட்டுப்போன சைக்கிளைப் பற்றி
போலீஸ் குலுக்குவதுபோல.

இரவில் கெட்டில் கொதிக்கக் கொதிக்க
நோட்டில் எழுதிப் பார்த்தாள்.
வைமண்ட்ஹாம்: விண்டம்.
காஸ்டெஸ்ஸி: காஸி.
புதன்கிழமைக்குள் ஒரு டகரம் புதைந்திருக்கிறது.
கடனுக்குள் ஒரு பகரம்.
அதை அழுத்திச் சொல்லப்போய்
வங்கிக்காரன் 'எவ்வளவு ஆழம், மேடம்?' என்றான்.
(அதுவும் தப்பில்லை என்று பிறகு தோன்றியது.)
எழுதினால் ஒலிக்க வேண்டும், அதுதான் அவள் ஊரில் சட்டம்.
சம்பளம் வாங்கிக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருக்கிற எழுத்து
அங்கே ஒன்றுகூடக் கிடையாது.

வியாழன் மாலை ரொவீனா கேட்டாள்,
'உங்க பாஷையில ஏதாவது சொல்லுங்களேன்.'
நத்தேலா தவளையைச் சொன்னாள்.
பகாகி என்று நான் எழுதினால் அது பொய்.
தொண்டையின் அடியில் ஒரு ககரத்தை
விழுங்கி, மனம் மாறி, திருப்பி எடுக்க வேண்டும்.
நம்மிடமும் அதற்கு எழுத்தில்லை.
பேருந்து முழுக்க இருமியது.
ஒரு பையனுக்குக் கண்ணில் நீர் வந்தது.
தவளை மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை கடைசி நிறுத்தத்தில்
பன்னிரண்டு நிமிடம் இருந்தது.
கடல் பக்கமாக நடந்தாள்.
சாலை, பாதி வாக்கியத்தில் முடிவதுபோல
முடிந்தது.
செம்மண் சரிவிலிருந்து ஒரு தண்ணீர்க் குழாய்
வெறும் காற்றை நோக்கி நீண்டிருந்தது.
மஞ்சள் மேல்சட்டைக்காரர் ஒருவர்
வேலிக்கம்பங்களைப் பிடுங்கி
நாலடி உள்ளே நட்டுக்கொண்டிருந்தார்.
போன மாசமும் இதே வேலைதான் என்றார்.

'இங்கே வீடு இருந்ததா?'
'தெருவே இருந்தது.'
பையிலிருந்து வரைபடத்தை எடுத்துக் காட்டினார்.
தெரு அதில் இருந்தது, பெயரோடு,
இரு பக்கமும் குட்டிக் குட்டிச் சதுரங்களோடு.
'அச்சில் அப்படியே கிடக்கும்,' என்றார்.
'வாயால்தான் யாரும் சொல்வதில்லை.'

அவள் கீழே பார்த்தாள்.
அலைகளுக்கு நடுவே ஒரு செங்கல் சுவர்த் துண்டு
நனைந்து, உலர்ந்து, நனைந்து.

திங்களன்று கருவி பிழைத்துவிட்டது.
பெண்குரல் வழவழவென்று
'ஹேஸ்ப்ரா' என்றது, ஒரு பிசிறில்லை.
பிள்ளைகள் இறங்கினார்கள்.
ரொவீனா படியில் நின்று
தொண்டையைச் செருமி எதையோ முயன்றாள்.
தவளையாக இருக்கலாம். சளியாகவும் இருக்கலாம்.

கதவு மூடியதும்
காலி இருக்கைகளைக் கண்ணாடியில் பார்த்தபடி
நத்தேலா மெதுவாகச் சொன்னாள்,
பதினொன்றையும்,
தடுக்கி விழுந்த ஒவ்வொருவரையும்
கைகொடுத்துத் தூக்குவதுபோல:
ஹா. ப். பி. ஸ். ப. ர். க். ஹ்.

பெயர்ப்பலகை கண்சிமிட்டி மாறியது.
நார்த் வால்ஷம்.
அதில் எந்த எழுத்து வேலைக்கு வருவதில்லை என்று
இன்னும் விசாரிக்கவில்லை.
ஏற்கெனவே மூன்று நிமிடம் தாமதம்.